ஹூக்ளியைக் கடக்க மூன்று வழிகள்

மே மாதம் பேரப்பிள்ளைக்கு ஊர் சுற்றிக் காட்டப் போகிறேன் என்றால் ஊட்டியா, கொடைக்கானலா என்றுதான் கேட்பார்கள். கொல்கத்தா என்று சொன்னதும் எங்கள் தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் எனக்குப் புத்தி சொன்னார்கள். 2024 ஏப்ரல் கடைசியில் அந்த ஊரில் வெயில் 43 டிகிரியைத் தொட்டிருந்தது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளில் இல்லாத வெயில் என்று தொலைக்காட்சியில் ஓயாமல் காட்டிக்கொண்டிருந்தார்கள். "அம்மா, பிள்ளை வதங்கிப் போயிருவான்" என்றாள் மகள்.

பேரன் நாலாம் வகுப்பு முடித்திருந்தான். அவனுக்கு மலையும் வேண்டாம், அருவியும் வேண்டாம். சக்கரம் வைத்த எதுவாக இருந்தாலும் அதன் பக்கத்தில் போய் நின்றுகொள்வான். பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்குப் பின்னால் உள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டு கியர் போடுவதையே பார்த்துக்கொண்டிருப்பான். அப்படிப்பட்ட பிள்ளைக்கு இந்தியாவில் காட்ட வேண்டிய ஊர் ஒன்று உண்டென்றால் அது கொல்கத்தாதான். டிராம் ஓடுகிற ஒரே இந்திய நகரம். நாட்டின் முதல் மெட்ரோ 1984-இல் ஓடத் தொடங்கிய ஊர். ஆற்றில் படகுப் போக்குவரத்து. அம்பாசடர் டாக்சி. மனிதன் மனிதனை இழுக்கிற ரிக்‌ஷாவும் இன்னும் இருக்கிறது. நூற்றைம்பது ஆண்டுகளாக ஒன்றின் மேல் ஒன்றாக வந்த வண்டிகளில் எதையும் முழுதாகக் கைவிடாமல் வைத்திருக்கிற ஊர் அது. என் தம்பி குடும்பம் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருப்பதால் தங்க இடமும் இருந்தது.

குழந்தையோடு பெரிய ஊரைப் பார்க்கப் போகிறவர்கள் 'பார்க்க வேண்டிய இடங்கள்' பட்டியலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. ஒரு நாளைக்கு ஐந்து இடம் என்று இழுத்துக்கொண்டு அலைந்தால் மூன்றாவது இடத்தில் பிள்ளை சிணுங்கும், நான்காவது இடத்தில் நமக்குக் கோபம் வரும். இடங்களுக்கு நடுவில் போவதையே சுற்றிப் பார்ப்பதாக வைத்துக்கொண்டால் அந்தச் சிக்கல் இல்லை. ஒரு பெரிய ஊர் தன் ஜனங்களை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதைப் பார்ப்பதில் குழந்தைகளுக்கு அலுப்பே வருவதில்லை. பெரியவர்களுக்கும் அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்பதை இந்தப் பயணத்தில்தான் நான் முழுதாக உணர்ந்தேன்.

சென்னையில் மாலையில் கிளம்பும் ஹவுரா மெயில் மறுநாள் முழுக்கக் கடலோர ஆந்திரத்திலும் ஒடிசாவிலும் ஓடி, ஹவுராவில் கொண்டுபோய் விடுகிறது. 1,660 கிலோமீட்டருக்கு மேல். ரயில் சில்கா ஏரியை ஒட்டி வளைந்து போகும்போது மட்டும் பையன் மேல் படுக்கையிலிருந்து இறங்கி ஜன்னலுக்கு வந்தான். ஹவுராவில் இறங்கியதும் அவனுக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. அந்த நிலையத்தில் பிளாட்பாரங்களுக்கு நடுவே கார் போகிற சாலை இருக்கிறது. ரயிலை விட்டு இறங்கி நாலெட்டு வைத்தால் டாக்சி. "ஆச்சி, கார் ஸ்டேஷனுக்குள்ளேயே வந்திருக்கு பாரு!" என்று கத்தினான். தம்பி மஞ்சள் அம்பாசடர் ஒன்றோடு வந்திருந்தான்.

அந்தக் காரில் கண்ணாடியைச் சுற்றி இறக்குகிற கைப்பிடி பேரனுக்குப் பெரிய அதிசயமாகிவிட்டது. பொத்தானை அமுக்கினால் இறங்கும் கண்ணாடியைத்தான் அவன் பார்த்திருக்கிறான். கையால் சுற்றும்போது கதவுக்குள் ஏதோ பல் ஒன்று கடித்துக்கொண்டு திரும்பும் சத்தம் கேட்கிறது. அதைக் காதை வைத்துக் கேட்டான். இந்தக் கார்கள் கொல்கத்தாவுக்குப் பக்கத்திலேயே, ஹூக்ளி ஆற்றங்கரையிலுள்ள உத்தர்பாராவில்தான் செய்யப்பட்டன. 2014-இல் அந்த ஆலை மூடப்பட்டது. பதினைந்து வயதான வண்டிகள் டாக்சியாக ஓடக் கூடாது என்ற விதியால் மஞ்சள் டாக்சிகள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகின்றன. அவனுடைய பிள்ளைகள் காலத்தில் அதைப் பொருட்காட்சியில்தான் பார்க்க முடியும்.

கிழக்கே தள்ளி இருக்கிற ஊர் என்பதால் மே மாதத்தில் நாலரை மணிக்கே வெளிச்சம் வந்துவிடுகிறது, ஐந்துக்குச் சூரியன். இதை நாங்கள் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டோம். ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, பத்து மணிக்குள் திரும்பிவிடுவோம். நடுப்பகல் முழுக்க மின்விசிறிக்கு அடியில். மாலை நான்கரைக்கு மேல் இன்னொரு சுற்று. ஈரத்துண்டு, தொப்பி, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் இவை இல்லாமல் வெளியே போனதில்லை. தம்பி மனைவி தினமும் பச்சை மாங்காயைத் தணலில் சுட்டு, சதையைப் பிசைந்து, சீரகப் பொடியும் கறுப்பு உப்பும் போட்டு ஒரு சர்பத் செய்து தருவாள். அங்கே வீட்டுக்கு வீடு அதுதான் வெயில் மருந்து. அதில் வரும் சுட்ட வாசனை இன்னும் என் நாக்கில் இருக்கிறது. காலைச் சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை. லேக் மார்க்கெட்டில் நம் ஊர்க்காரர்கள் தலைமுறைகளாக இருப்பதால் இட்லியும் டிகிரி காபியும் கறிவேப்பிலையும் வாழையிலையும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கின்றன.

முதலில் நான் போட்ட திட்டம் இதுதான்: ஒரே காலையில் ஹூக்ளி ஆற்றை மூன்று விதமாகக் கடப்பது. மேலே, நடுவில், அடியில்.

மேலே என்றால் ஹவுரா பாலம். கொல்கத்தாக் கரையில், பாலத்தின் காலடியில் மல்லிக் காட் பூச்சந்தை இருக்கிறது. விடியற்காலையில் அங்கே செவ்வந்தி மாலைகள் மலைப்பாம்பு கனத்தில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். தலையில் மூட்டையோடு வருகிறவர்கள் ஒரு குரல் கொடுப்பார்கள். அந்தக் குரலுக்கு எல்லோரும் ஒதுங்கியாக வேண்டும். அந்தச் சேற்றையும் நெரிசலையும் தாண்டிப் படியேறினால் பாலத்தின் நடைபாதை. காலையில் ஹவுராவில் வந்து இறங்குகிற புறநகர் ரயில் கூட்டம் எதிரே வரும். கோழிக் கூடை, காய்கறிக் கூடை, அலுவலகப் பை, பள்ளிக்கூடப் பை. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் வண்டிகள் போகிற பாலம் அது, நடந்து போகிறவர்கள் அதைவிட அதிகம்.

பாலத்தின் நடுவில் நின்று தம்பி பேரனுக்குச் சொல்லிக் கொடுத்தான். ஆற்றுக்குள் இந்தப் பாலத்துக்கு ஒரு தூண்கூடக் கிடையாது. இரண்டு கரைகளிலும் இரண்டு கோபுரங்கள், அவற்றிலிருந்து நீளும் இரண்டு கைகள், அந்தக் கைகள் இரண்டும் சேர்ந்து தாங்குகிற 172 மீட்டர் நீளத் துண்டு நடுவில். கோபுரத்துக்குக் கோபுரம் 457 மீட்டர். மொத்தம் 26,500 டன் எஃகு. அதில் 23,000 டன் டாடா ஆலையில் உருக்கியது. நட்டும் போல்ட்டும் இல்லை, முழுக்க ரிவிட் அடித்துச் சேர்த்தது. பேரன் பக்கத்துத் தூலத்தில் வரிசையாகப் புடைத்திருந்த ரிவிட் தலைகளைத் தடவிப் பார்த்தான். எண்ணத் தொடங்கி, முப்பதோடு நிறுத்தி, தலையை அண்ணாந்து மேலே வரை பார்த்து, "இதை எல்லாம் அடிச்சவங்க கை வலிச்சிருக்கும்ல தாத்தா" என்றான். பொறியியல் புத்தகத்தில் அந்தக் கேள்வி வராது. 1936-இல் தொடங்கிய வேலை 1943 பிப்ரவரியில் போக்குவரத்துக்குத் திறந்ததோடு முடிந்தது. அது உலகப் போர்க்காலம். அதற்கு முந்தைய டிசம்பரில்தான் ஜப்பான் விமானங்கள் கொல்கத்தாவில் குண்டு போட்டிருந்தன. அதனால் விழா எதுவும் இல்லாமல் பாலம் திறக்கப்பட்டது. முதலில் அதன் மேல் போனது ஒரு டிராம்.

தொங்கு கம்பிகளின் அடிப்பாகத்தில் மட்டும் கண்ணாடியிழை உறைகள் போட்டிருக்கிறார்கள். பான் போடுகிறவர்கள் துப்பித் துப்பி, அதிலுள்ள சுண்ணாம்பும் எச்சிலும் சேர்ந்து எஃகை அரித்துவிட்டன. ஆறு மில்லிமீட்டர் இருந்த தகடு சில ஆண்டுகளில் பாதியானது என்று கண்டுபிடித்த பிறகு இந்த ஏற்பாடு. குண்டு விழுந்த காலத்தைத் தாண்டிய பாலத்துக்கு வெற்றிலை எச்சில் இப்படி ஒரு கெடுதல் செய்திருக்கிறது. பேரன் அன்று முழுக்க யார் துப்பினாலும் முறைத்துப் பார்த்தான். நான் அவனைத் தடுக்கவில்லை.

அடுத்தது படகு. ஹவுரா நிலையத்துக்கு எதிரே இறங்குதுறை. பத்து ரூபாய்க்குள் டிக்கெட். துறை மேடை மிதவை மேல் நிற்கிறது, தண்ணீர் ஏறினால் மேடையும் ஏறும். லாஞ்சு பக்கத்தில் வரும்போது ஒருவர் கனத்த கயிற்றை வீசி இரும்புக் குற்றியில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்துப் பிடிக்கிறார். படகு முனகிக்கொண்டே ஒட்டி நிற்கிறது. ஜனங்கள் கடைசி அடி இடைவெளியைத் தாண்டிக் குதிக்கிறார்கள். ஆற்றுக் காற்று முகத்தில் பட்டதும் வெயில் மறந்துவிட்டது.

நடு ஆற்றில் பையன் ஒன்றைக் கவனித்தான். ஆகாயத்தாமரைக் கொத்துகள் மிதந்து போய்க்கொண்டிருந்தன. "ஆச்சி, கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்டான். தெற்கே கை காட்டினேன். "அப்ப இது ஏன் அந்தப் பக்கமாப் போகுது?" கொத்துகள் வடக்கே போய்க்கொண்டிருந்தன. கடல் நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தாலும் ஹூக்ளியில் கொல்கத்தாவைத் தாண்டியும் ஓதம் ஏறுகிறது. ஏற்றத்தின்போது ஆறு பின்னோக்கி ஓடும். இந்த ஏற்றத்தை வைத்துத்தான் அந்தக் காலத்தில் கப்பல்கள் கொல்கத்தா வரை வந்தன, அதனால்தான் அங்கே ஒரு நகரமே உண்டானது. தாமிரபரணிக் கரையில் வளர்ந்த எனக்கு, ஆறு திரும்பி ஓடுவதைப் பார்ப்பது உடம்பைச் சிலிர்க்க வைத்தது. இத்தனைக்கும் பக்கத்தில் நின்றவர்கள் யாரும் தண்ணீரைப் பார்க்கவில்லை.

ஃபேர்லி பிளேஸ் துறையில் இறங்கி, பழைய தலைமைச் செயலகக் கட்டிடத்தின் பக்கம் நடந்தால் மகாகரண் மெட்ரோ நிலையம். எஸ்பிளனேடிலிருந்து ஹவுரா மைதானம் வரையிலான பாதை 2024 மார்ச்சில்தான் திறந்திருந்தது. இந்தியாவில் ஆற்றுக்கு அடியில் மெட்ரோ ஓடுவது இங்கேதான் முதலில். ஆற்றடிச் சுரங்கத்தின் நீளம் 520 மீட்டர். 2017-இலேயே குடைந்து முடித்துவிட்டார்கள். மற்ற வேலைகள் முடிய இத்தனை ஆண்டு. நகரும் படிக்கட்டுகளில் இறங்கிக்கொண்டே இருக்கிறோம், தரை வரவே மாட்டேன் என்கிறது. பேரன் முதல் பெட்டியில் கதவோரம் இடம் பிடித்தான். வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் சுரங்கச் சுவரில் நீல விளக்குகள் ஓடத் தொடங்கின. அதுதான் ஆற்றின் அடையாளம். பெட்டியில் எல்லோரும் கைபேசியைத் தூக்கினார்கள். அவன் உரக்க எண்ணினான். நாற்பத்தைந்து நொடியில் ஆறு முடிந்துவிடும் என்று தம்பி சொல்லியிருந்தான். அவன் எண்ணிக்கை நாற்பத்தாறில் நீலம் மறைந்தது. எங்கள் எதிரே இருந்த வயதான வங்காளி அம்மா அவன் தமிழ் எண்களைக் கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் கைதட்டினார்.

நடந்தபோது கால் மணி நேரத்துக்கு மேல் ஆன ஆறு, படகில் பத்து நிமிஷம், சுரங்கத்தில் முக்கால் நிமிஷம். வீட்டுக்குத் திரும்பும் வழியில் எது பிடித்தது என்று கேட்டேன். படகுதான் என்றான். காரணம் கேட்டதற்கு, "அதுலதான் ஆறு தெரிஞ்சுது" என்றான்.

மற்ற இடங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். விக்டோரியா நினைவகத்தின் வெள்ளைப் பளிங்கில் அவனுக்கு ஆர்வம் இல்லை. உச்சியில் காற்றுக்குத் திரும்பும் தேவதைச் சிலையைத் தவிர. 1814-இல் தொடங்கிய இந்திய அருங்காட்சியகத்தில் எகிப்து மம்மியைப் பார்க்க இரண்டு முறை வரிசையில் நின்றோம். எனக்கு அங்கே பார்ஹுத் கல்வேலியின் சிற்பங்களை விட்டு வர மனமில்லை. ஜாதகக் கதைகளைப் படம் போலச் செதுக்கியிருக்கிறார்கள், குழந்தைக்குச் சொல்லிக் காட்டுவதற்கென்றே அமைந்தவை. சிப்பூர் தாவரவியல் தோட்டத்தின் ஆலமரத்தின் கீழ் ஒரு காலைப் பொழுது. மையத் தண்டைப் பூஞ்சை தாக்கியதால் 1925-இல் வெட்டி எடுத்துவிட்டார்கள். நடுமரம் இல்லாமலே ஆயிரக்கணக்கான விழுதுகளின் மேல் அது வளர்ந்துகொண்டிருக்கிறது. தண்டு எங்கே என்று தேடித் தேடி, பையன் ஒவ்வொரு விழுதாகப் போய்க் கட்டிப் பார்த்தான்.

டிராமுக்கு வருகிறேன். கரியாஹாட்டிலிருந்து எஸ்பிளனேடுக்கு. தண்டவாளம் சாலையின் நடுவே பதிந்து கிடக்கிறது, அதன் மேலேயே ஆட்டோவும் பஸ்ஸும் ஓடுகின்றன. டிராம் வந்து நின்றது. டிரைவர் நின்றுகொண்டே ஓட்டுகிறார். அவருக்கு முன்னால் ஒரு இரும்புப் பெட்டி, அதன் தலையில் பித்தளைக் கைப்பிடி. எத்தனை பேர் பிடித்துப் பிடித்தோ அந்தப் பித்தளை தங்க நிறத்துக்குத் தேய்ந்திருந்தது. கைப்பிடியை ஒவ்வொரு படியாகத் திருப்பத் திருப்ப வண்டி வேகம் எடுக்கிறது. மணி காலடியில் இருக்கிறது. குதிகாலால் ஒரு அமுக்கு, டிங். முன்னால் ஒரு தள்ளுவண்டிக்காரர் தண்டவாளத்தின் மேல் மாம்பழத்தோடு நிற்கிறார். டிங் டிங். அவர் நிதானமாகத் தள்ளிக்கொண்டு போன பிறகு டிராம் நகர்கிறது. யாரும் திட்டிக்கொள்ளவில்லை.

கண்டக்டர் விரல்களுக்கு நடுவே ரூபாய் நோட்டுகளை நீளவாக்கில் மடித்துச் செருகியிருந்தார். பேரன் கூரையோரம் போகும் கயிற்றையே பார்ப்பதைக் கண்டு, நிறுத்தம் வந்தபோது அவனைத் தூக்கிப் பிடித்து இழுக்கச் சொன்னார். மணி அடித்தது, வண்டி நின்றது. தன் கையால் ஒரு டிராமையே நிறுத்திய அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

கொல்கத்தாவில் 1873-இல் குதிரை இழுத்த டிராம் ஓடியது. மின்சார டிராம் 1902-இல் வந்தது. நம் சென்னை இதில் முந்திக்கொண்டது. 1895-இலேயே இங்கே மின்சார டிராம் ஓடியது, நாட்டிலேயே முதலாவது. 1953 ஏப்ரலில் நம் டிராமை நிறுத்திவிட்டார்கள். என் அம்மா கல்யாணமான புதிதில் சென்னையில் சித்தப்பா வீட்டுக்கு வந்தபோது டிராமில் போனதைப் பல தடவை சொல்லியிருக்கிறாள். ஆற அமர உட்கார்ந்து கடைகளைப் பார்த்துக்கொண்டே போகலாம், புடவை கசங்காது என்பாள். அதைப் பேரனுக்குச் சொன்னேன். அம்மா ஏறிய வண்டியில் நான் ஏற எழுபது ஆண்டும் 1,660 கிலோமீட்டரும் வேண்டியிருந்தன.

டிராம் பாதை ஒன்றில்தான் தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு சம்பவம் நடந்தது. 1907-இல் பதினெட்டு வயது சி.வி. ராமன் நிதித்துறை அதிகாரியாகக் கொல்கத்தாவுக்கு வந்தார். ஒரு நாள் டிராமில் போகும்போது பவ்பஜார் தெருவில், 210-ஆம் எண் கட்டிடத்தில், அறிவியல் வளர்ச்சிக்கான இந்தியச் சங்கம் என்ற பலகை கண்ணில் பட்டது. இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் தொடங்கிய சங்கம் அது. ஆய்வுக்கூடம் ஆளில்லாமல் கிடந்தது. தொடக்கத்தில் அலுவலகத்துக்கு முன்னும் பின்னுமாக, பிறகும் விடாமல் அங்கே உழைத்து உழைத்து, 1928 பிப்ரவரி 28-இல் ராமன் விளைவைக் கண்டார்கள். கூட இருந்து அந்தச் சோதனைகளைச் செய்த கே.எஸ். கிருஷ்ணன் எங்கள் பக்கத்து வத்திராயிருப்புக்காரர். சங்கம் பிறகு ஜாதவ்பூருக்கு மாறிவிட்டது. பழைய இடத்தில் இப்போது ஒரு வணிகவியல் கல்லூரி. அந்தத் தெருவில் டிராமும் இப்போது ஓடவில்லை. இருந்தாலும் பேரனை அந்த வாசலில் நிறுத்திக் கதையைச் சொன்னேன். "பஸ்ல போயிருந்தா போர்டைப் படிச்சிருக்க முடியாது" என்றான் அவன். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அங்கிருந்து நடந்து கல்லூரித் தெருப் புத்தகக் கடைகளுக்குப் போனோம். நடைபாதையை ஒட்டிப் பெட்டிக் கடைகள், கூரை வரை புத்தகம். நீராவி எஞ்சின்களைப் பற்றிய பழைய படப் புத்தகம் ஒன்றைப் பையன் அடியிலிருந்து உருவி எடுத்தான். விலை பேசிக்கொண்டிருக்கும்போதே வடமேற்கில் வானம் கறுத்தது. கடைக்காரர் பணத்தை வாங்கக்கூட நிற்காமல் பிளாஸ்டிக் விரிப்பை இழுத்து மூடத் தொடங்கினார். கால்பைசாகி. சித்திரை, வைகாசி மாலைகளில் வங்காளத்தில் வருகிற புயல் மழை. முதலில் புழுதியோடு ஒரு காற்று. தேர்தல் நேரமாதலால் தெரு முழுக்கத் தோரணமாகக் கட்டியிருந்த கட்சிக் கொடிகள் அத்தனையும் ஒரே பக்கமாக விறைத்து நின்றன. பிறகு கூரைத் தகரங்களின் சத்தம், அப்புறம் மழை. இருபது நிமிஷத்தில் வெயில் காலமே முடிந்ததுபோலக் குளிர்ந்துவிட்டது. கடைக்காரர் எங்களையும் விரிப்புக்குள் இழுத்துக்கொண்டு, மண் குவளையில் தேநீர் வாங்கிக் கொடுத்தார். பேரன் குடித்து முடித்து, மற்றவர்களைப் பார்த்துக் குவளையைத் தரையில் போட்டு உடைத்தான்.

மழை விட்டபோது தண்டனியா காளி கோயில் பக்கம் முழங்கால் அளவுத் தண்ணீர். அந்த இடம் ஒவ்வொரு மழைக்கும் அப்படித்தானாம். டாக்சி வரவில்லை, ஆட்டோ வரவில்லை. நடக்கலாம் என்றால் எங்கே குழி, எங்கே சாக்கடை மூடி திறந்திருக்கிறது என்று தெரியாது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது கை ரிக்‌ஷா மட்டும்தான்.

அதில் ஏறக் கூடாது என்று நான் வீட்டிலேயே முடிவு செய்து வைத்திருந்தேன். தமிழ்நாட்டில் 1973-இல் கலைஞர் ஆட்சியில் கை ரிக்‌ஷாவை ஒழித்து, இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தார்கள். அன்று நான் பள்ளி மாணவி. அதைச் செய்தது சரி என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். மேற்கு வங்கத்தில் 2006-இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தார்கள், வழக்கில் நின்றுவிட்டது. மாற்று வேலைக்கு உறுதி இல்லாமல் இருக்கிற தொழிலைப் பிடுங்காதே என்று இழுப்பவர்களே எதிர்த்தார்கள்.

தம்பி இந்தியில் பேசினான். அந்தப் பெரியவர் பீகாரிலிருந்து வந்தவர், என் வயதுதான் இருக்கும். "மழை நாளில்தான் எங்களுக்கு நல்ல வரும்படி, ஏறுங்கள்" என்றார். பேரன் என் முகத்தைப் பார்த்தான். ஏறினோம். உட்கார்ந்ததும் இருக்கை பின்னால் சாய்ந்தது, அவர் ஏர்க்கால்களைத் தூக்கி எடையைச் சமன் செய்துகொண்டார். விரலில் மாட்டிய சின்ன மணியை ஏர்க்காலில் தட்டித் தட்டி வழி கேட்டபடி போனார். தண்ணீருக்கடியில் காலால் துழாவித்தான் ஒவ்வொரு அடியும். அவர் மூச்சு எங்களுக்குக் கேட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகளோடும் முதியவர்களோடும் இன்னும் இரண்டு ரிக்‌ஷாக்கள் அதேபோலப் போய்க்கொண்டிருந்தன. மகாத்மா காந்தி சாலை மெட்ரோ வாசலில் இறங்கும்வரை பேரன் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கியதும் அவனாகவே இரண்டு கைகளாலும் பணத்தை நீட்டினான். பிறகு ரயிலில், "ஆச்சி, அவங்களுக்கு மோட்டார் வெச்சுக் குடுக்க எவ்வளவு ஆகும்?" என்று கேட்டான். அந்தக் கேள்வியை அரசாங்கம் கேட்க வேண்டும். வாகனத்தைத் தடை செய்வது ஒரு கையெழுத்து. ஓட்டுகிறவருக்கு அடுத்த வண்டியைக் கொடுப்பதுதான் வேலை. எங்கள் மாநிலத்தில் அதைச் செய்தார்கள் என்று அவனிடம் சொன்னேன்.

ஊருக்கு வந்து சில மாதங்களில், 2024 செப்டம்பரில், செய்தி வந்தது. எஸ்பிளனேடு மைதானப் பகுதியில் நினைவுக்காக ஓடும் ஒரு சிறு பாதையைத் தவிர மற்ற டிராம்களை நிறுத்தப் போவதாக மேற்கு வங்கப் போக்குவரத்து அமைச்சர் அறிவித்தார். நெரிசலுக்கு டிராம்தான் காரணம் என்கிறார்கள். புகையில்லாத, எரிபொருள் வேண்டாத, ஒரே இழுப்பில் பேருந்தைவிட அதிகம் பேரை ஏற்றிக்கொள்கிற வண்டியை, தனிக் கார்களுக்கு வழி விட எடுப்பது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. சென்னை 1953-இல் செய்ததை அந்த ஊரும் செய்ய வேண்டாம். உலகத்தில் எத்தனையோ நகரங்கள் பிடுங்கிய தண்டவாளத்தைக் கோடி கோடியாகச் செலவழித்து மறுபடி போடுகின்றன. கொல்கத்தாவில் டிராமை நேசிக்கிறவர்கள் சங்கம் வைத்து, தெருவில் நின்று, உயர் நீதிமன்றம் வரை போய்ப் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

பேரனிடம் செய்தித்தாளைக் காட்டினேன். முழுவதையும் படித்துவிட்டுக் கண்டக்டர் மாமா என்ன செய்வார் என்று கேட்டான். பிறகு கொல்கத்தாவில் இருக்கும் என் தம்பிக்குப் போன் போட்டு, கரியாஹாட் வண்டி ஓடுகிறதா, ஷியாம்பஜார் வண்டி ஓடுகிறதா என்று ஒவ்வொன்றாக விசாரித்தான். ஷியாம்பஜார் வண்டியில் நாங்கள் ஏறவில்லை. அதற்காகவே இன்னொரு முறை போக வேண்டும் என்கிறான். அடுத்த கோடை விடுமுறைக்கு ஹவுரா மெயிலில் டிக்கெட் போடும் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறோம்.